இசக்கிமணியின் மோட்டார் நம்பர்

இசக்கிமணி காவல்துறையில் சிறப்பு உதவி ஆய்வாளராக இருந்து ஓய்வு பெற்றவர். இதைச் சொன்னதும் எதிரே இருப்பவர் கொஞ்சம் நிமிர்ந்து உட்காருவார். நிமிர்ந்தவரை இசக்கிமணியே மறுபடி சாய்ந்து உட்கார வைத்துவிடுவார்.

"பயப்படாதீரும் வே. சர்வீஸ்ல பாதி, குத்தாலத்துல அருவிக்குக் கீழ நின்னு விசில் ஊதுனதுலயே போச்சு. 'குளிச்சது போதும், வெளிய வா'ன்னு ஊதுவேன். ஒருத்தன் வரமாட்டான். கடைசில நான்தான் நனைஞ்சுபோய் வெளிய வருவேன்."

அவர் துப்புத் துலக்கியதாகச் சொல்லிக்கொள்ள ஒரே ஒரு வழக்கு உண்டு. ஒரு சைக்கிள் திருட்டு. ஊர் ஊராக அலைந்து அவர் விசாரித்துக்கொண்டிருந்தபோது, செயின் அடிக்கடி கழலுகிறது என்று திருடியவனே சைக்கிளைக் கொண்டுவந்து ஸ்டேஷன் வாசலில் சாய்த்துவிட்டுப் போய்விட்டான். இசக்கிமணிக்குப் பாராட்டுச் சான்றிதழ் கொடுத்தார்கள். "அந்தச் செயினுக்குக் குடுத்திருக்கணும்" என்பார்.

வீடு மேலகரத்தில். ஆனி, ஆடியில் அங்கே மாடியில் போட்ட துணி காயவே காயாது, அப்படிச் சாரல். ஆனால் அவருடைய தோட்டம் இருப்பது கடையத்துக்குப் பக்கத்தில். இங்கே குடை பிடித்துக்கொண்டு கிளம்பினால் அங்கே போய் அதையே வெயிலுக்குப் பிடித்துக்கொள்ள வேண்டியதிருக்கும். தோட்டத்தில் ஒரு கிணறு, கிணற்றில் ஒரு மோட்டார், மேட்டுப் பாத்தியில் மிளகாய், ஓரமாக நாலைந்து எலுமிச்சை.

மோட்டாருக்கு வேண்டிய த்ரீ பேஸ் கரண்ட் எப்போது வரும் என்று அவருக்குத் தெரியாது. வந்துவிட்டது என்று யாராவது சொன்னால் பைக்கை எடுத்துக்கொண்டு பறப்பார். போய் ஸ்டார்ட்டர் பெட்டியில் விரலை வைக்கவும் கரண்ட் போகவும் சரியாக இருக்கும். திரும்பி வந்து சாப்பாட்டுத் தட்டில் கை வைத்தால் மறுபடி வந்துவிடும். மனைவி ஆனந்தவள்ளி ஒருநாள் சொன்னாள்: "நீங்க மோட்டார் போடப் போறியளா, இல்ல கரண்ட்டுக்கு எஸ்கார்ட் போறியளான்னு தெரியல."

அந்த நேரத்தில்தான் ஹுஸைஃபா வந்து சேர்ந்தான். கடையநல்லூர்க்காரன். துபாயில் பெரிய கட்டடங்களில் ஏ.சி., விளக்கு, தண்ணீர்ப் பம்பு எல்லாவற்றையும் ஒரே அறையிலிருந்து ஓட்டும் வேலையில் இருந்தவன். ஊர் திரும்பி, தென்காசி ரயில்வே ஸ்டேஷன் ரோட்டில் கடை போட்டு, கேமராவும் மொபைல் ஸ்டார்ட்டரும் விற்றுக்கொண்டிருந்தான்.

"சார், மோட்டாருக்கே ஒரு சிம் கார்டு போட்ருவோம். நீங்க குத்தாலத்துல குளிச்சுக்கிட்டே கூட மோட்டாருக்குப் போன் அடிக்கலாம். ஒரு தடவ அடிச்சா ஓடும், இன்னொரு தடவ அடிச்சா நிக்கும். அதுவே போன எடுத்துத் தகவலும் சொல்லும்."

மாட்டியாயிற்று. இசக்கிமணிக்கு அன்றைக்கு வந்த பெருமை சைக்கிள் வழக்கில்கூட வந்ததில்லை. ஐந்தருவிக்குக் குளிக்கப் போனால், தலையில் எண்ணெயோடு, இடுப்பில் துண்டோடு, போனை ஸ்பீக்கரில் போட்டு மோட்டாருக்கு அடிப்பார். சுற்றியிருப்பவர்கள் எல்லாரும் கேட்கும்படி, செய்தி வாசிப்பதுபோல ஒரு பெண்குரல், "மோட்டார் இயங்குகிறது" என்று சொல்லும். இவர் "சரிம்மா, நல்லது" என்று பணிவாகப் பதில் சொல்லி வைப்பார். ஆனந்தவள்ளி ஒருதரம் பக்கத்தில் இருந்து கேட்டுவிட்டாள். "கல்யாணம் கட்டி இத்தன வருசத்துல எங்கிட்ட இப்படி ஒரு 'சரிம்மா' சொன்னதுண்டா?" என்றாள்.

ஹுஸைஃபா முதலில் இசக்கிமணியின் போன், ஆனந்தவள்ளியின் போன் என்று இரண்டு நம்பரை மட்டும் பெட்டிக்குப் பழக்கி வைத்திருந்தான். வேறு யார் அடித்தாலும் பெட்டி எடுக்காது. ஒருநாள் சங்கரன்கோவிலில் ஒரு கல்யாண வீட்டில் இசக்கிமணியின் போன் சார்ஜ் இல்லாமல் செத்துவிட்டது. பக்கத்து இலைக்காரரிடம் போனை வாங்கி, "இப்பப் பாரும் வேடிக்கைய" என்று சொல்லி மோட்டாருக்கு அடித்தார். மோட்டார் மதிக்கவில்லை. மறுபடி அடித்தார், மறுபடியும் மதிக்கவில்லை. பக்கத்து இலைக்காரர் மரியாதைக்காகப் பாயசத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

மறுநாள் நேராகக் கடைக்குப் போய்விட்டார் இசக்கிமணி.

"என் மோட்டார் என்னையே யாருன்னு கேக்குது. யாரு போன்ல இருந்து அடிச்சாலும் எடுக்கணும். மாத்திக் குடு."

"சார், அது பாதுகாப்புக்காக..."

"பாதுகாப்பப் பத்தி எனக்குப் பாடம் எடுக்காத தம்பி. நான் போலீசு."

ஹுஸைஃபா தோளைக் குலுக்கிவிட்டு மாற்றிக் கொடுத்தான்.

இதோடு விட்டிருந்தால் ஒன்றும் ஆகியிருக்காது. ஆனால் இசக்கிமணிக்கு மூளை கொஞ்சம் கூடுதலாக வேலை செய்தது. ஜவுளிக் கடையில் ஒரு வேட்டி எடுத்தால்கூட பில் போடும் பெண் "போன் நம்பர் சொல்லுங்க சார்" என்கிறாள். சொன்னால் தீபாவளி வரைக்கும் மத்தியானத் தூக்கத்தில் போன் அடித்துத் தள்ளுபடி சொல்கிறார்கள். வேண்டாம் என்றால் நம் முகத்தையே சந்தேகமாகப் பார்க்கிறார்கள். ஒருநாள் தென்காசிக் கடை ஒன்றில் அவள் அப்படிக் கேட்டபோது, வாயில் வந்தது மோட்டாரின் நம்பர். சொல்லிவிட்டார். வெளியே வந்து படியில் நின்று தனக்குத்தானே சிரித்தும் கொண்டார். நம்பரும் பொய்யில்லை, நமக்கும் தொந்தரவில்லை.

பிறகு அதுவே பழக்கமாகிவிட்டது. பாத்திரக் கடை, கண்ணாடிக் கடை, கடன் வேண்டுமா என்று மேசை போட்டு உட்கார்ந்திருக்கும் பையன்கள், பென்ஷனர் சங்கத்துச் செயலாளர், யார் கேட்டாலும் மோட்டார் நம்பர்தான். இப்படித் தப்பிக்கும் வித்தை உலகத்தில் வேறு யாருக்கும் தோன்றவில்லையே என்று அவருக்கு ஆச்சரியமாகக்கூட இருந்தது.

மிளகாய்ச் செடி மஞ்சளடிக்க ஆரம்பித்தது அதற்குக் கொஞ்ச நாள் கழித்துத்தான்.

போய்ப் பார்த்தால் பாத்தியில் தண்ணீர் தேங்கிக் கிடந்தது. அன்று அவர் மோட்டார் போடவே இல்லை. இன்னொரு நாள் போட்டுவிட்டு வந்தார். கொஞ்ச நேரத்தில் யாரோ நிறுத்தியிருந்தார்கள். ஹுஸைஃபாவிடம் சொன்னார். அவன் வந்து சிக்னல் கோளாறு என்று ஏரியலை மாற்றினான். பிறகு வைரஸாக இருக்கும் என்று பெட்டிக்குள் இருந்த போர்டையே மாற்றினான். மோட்டார் தன் இஷ்டத்துக்கு ஓடுவதும் நிற்பதுமாக இருந்தது.

இசக்கிமணிக்குள் தூங்கிக்கொண்டிருந்த போலீஸ்காரர் எழுந்து உட்கார்ந்தார்.

முதல் கேள்வி, இதனால் யாருக்கு லாபம்? அவர் தோட்டத்துக்குக் கீழே, ஒரு வரப்பு தாண்டி, நமசிவாயத்தின் வாழை. நமசிவாயம் கூட்டுறவுச் சங்கத்தில் எழுத்தர், சாது, குரலே வெளியே வராது. மேலே மிளகாய் அழுகிக்கொண்டிருக்க, வழிந்து வரும் தண்ணீரைக் குடித்துக் கீழே அந்த வாழை கருகருவென்று நின்றது. ஒவ்வொரு இலையும் ஒரு பந்திக்குப் போதும். இரண்டாவது, ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும் மோட்டார் தானாக ஓடுவதே இல்லை. ஞாயிறுதான் நமசிவாயம் நாள் முழுக்கத் தோட்டத்தில் இருக்கும் நாள். "தான் தோட்டத்துல இருக்கிற அன்னைக்குச் செய்யமாட்டான், பாத்தியா" என்று ஆனந்தவள்ளியிடம் சொன்னார்.

"அவரு ஆபீசுல இருக்கைல எப்படிங்க இங்கன வந்து மோட்டார் போடுவாரு?"

"அதத்தான் கண்டுபிடிக்கப் போறேன்."

மறுநாள் காலையிலேயே தயிர்சாதம் கட்டிக்கொண்டு போய்ப் பம்புசெட் அறைக்குள் கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்தார். யாரும் வரவில்லை. வெக்கையில் சட்டை நனைந்தது. பொறுக்கமாட்டாமல் தூக்குவாளியைத் திறந்து முதல் வாயை எடுத்தபோது, காதுக்குப் பக்கத்தில் "டப்" என்று ஒரு சத்தம். மோட்டார் உறுமிக்கொண்டு கிளம்பியது. அறையில் அவரைத் தவிர ஒரு பல்லிதான் இருந்தது. இசக்கிமணி எழுந்த வேகத்தில் தலை கூரைத் தகரத்தில் இடித்தது. தயிர்சாதம் பாதி சட்டையிலும் பாதி பல்லி மேலுமாகப் போயிற்று. வெளியே ஓடி வந்து வரப்பில் நின்று மூச்சு வாங்கும்போது, நல்லவேளை யாரும் பார்க்கவில்லை என்று நினைத்துக்கொண்டார். இந்தக் கதையை இப்போது அவரே எல்லாரிடமும் சொல்கிறார் என்பது வேறு விஷயம்.

ஆக, யாரோ போனில்தான் ஓட்டுகிறார்கள். பெட்டியின் மேல் ஹுஸைஃபா மை பேனாவால் மோட்டார் நம்பரைப் பெரிதாக எழுதி வைத்திருந்தான். வரப்பில் நடந்துபோகிறவர் எட்டிப் பார்த்தால் தெரியும். வரப்பில் நடப்பது யார்? நமசிவாயம். வழக்கு முடிந்தது.

ஞாயிற்றுக்கிழமை நமசிவாயம் வாழைக்குச் சருகு கழித்துக்கொண்டிருந்தார். இசக்கிமணி கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு போய் நின்றார்.

"வாழ நல்லாருக்கே."

"ஆமா அண்ணாச்சி. இந்த வருசம் என்னமோ தெரியல, நல்லா வருது."

"என்னமோ தெரியலயா? எனக்குத் தெரியும் வே. உம்ம போன எடும்."

நமசிவாயத்துக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும் முகம் சுருங்கிவிட்டது. கையை வேட்டியில் துடைத்துக்கொண்டு, போனைத் திறந்து நீட்டினார். இசக்கிமணி யார் யாருக்கு அடித்திருக்கிறார் என்று விரலால் தள்ளித் தள்ளிப் பார்த்தார். மோட்டார் நம்பர் இல்லை.

"அழிச்சிருக்கலாம்."

"அண்ணாச்சி, எனக்கு அழிக்கவெல்லாம் தெரியாது. உங்க தண்ணி எங்கிட்ட வருதுன்னு தெரிஞ்சுது. நீங்கதான் ஓட்டிட்டு மறந்துருதிய போலன்னு இருந்துட்டேன். வேண்டாம்னா வாய்க்கால அந்தப் பக்கம் திருப்பி விட்டுருப்பேன்லா. இப்படிக் கேப்பியன்னு நெனைக்கல."

அவ்வளவுதான் சொன்னார். சத்தம்கூட உயரவில்லை. அரிவாளை எடுத்துக்கொண்டு அடுத்த வரிசைக்குப் போய்விட்டார். ஒருவன் மறுத்துக் கத்தினால் எப்படிப் பேசவேண்டும் என்று இசக்கிமணிக்குத் தெரியும். இதற்கு என்ன பேசவேண்டும் என்று யாரும் அவருக்குச் சொல்லிக் கொடுத்திருக்கவில்லை. பைக்கில் வீடு வரும்வரைக்கும் அந்தச் சுருங்கின முகம் கூடவே வந்தது. ஆனாலும் வழக்கை விட மனசில்லை.

அன்று சாயங்காலம் ஒரு யோசனை தோன்றியது. மோட்டாரின் சிம்மை எடுத்து ஒரு சாதாரண போனில் போட்டுக்கொண்டு காத்திருந்தால்? மோட்டார் ஓடும் என்று நினைத்து அடிக்கிறவன் இவர் கையில் அகப்பட்டுக்கொள்வான். சர்வீஸ் முழுவதும் வராத மூளை இப்போது வருகிறதே என்று அவருக்கே மனசு நிறைந்துபோயிற்று.

திங்கட்கிழமை ஹுஸைஃபாவின் கடையில் வலை விரித்தார்கள். ஆனந்தவள்ளி தென்காசியில் மளிகை வாங்கவேண்டும் என்று கூடவே வந்திருந்தாள். குற்றவாளி அகப்படுவதைப் பார்த்துவிட்டுப் போகலாம் என்று அவளும் ஒரு ஸ்டூலில் உட்கார்ந்தாள். ஹுஸைஃபா எல்லாருக்கும் டீ சொன்னான். மேசை நடுவில் போன், ஸ்பீக்கரில்.

டீ வருவதற்குள் போன் அடித்தது. இசக்கிமணி கையால் எல்லாரையும் அடக்கி, எடுத்து, ஸ்டேஷன் குரலில் ஆரம்பித்தார்.

"ஏலே, நீ யாருன்னு எனக்குத் தெரியும். எங்கிருந்து பேசுதன்னும் தெரியும். மரியாதயா ஒத்துக்க."

மறுமுனையில் ஒரு சின்னப் பெண்ணின் குரல் நடுங்கியது. "சார்... இசக்கிமணி சார்தானே? ஆடித் தள்ளுபடி விஷயமா..."

இசக்கிமணி போனை வைத்தார். ஹுஸைஃபா அவரைப் பார்த்தான். அவர் ராங் நம்பர் என்றார்.

"உங்க பேரச் சொன்னாளே சார்."

அதற்குள் மறுபடி அடித்தது. ஒரு பையன், அவசரத் தேவைக்கு உடனடிக் கடன், இசக்கிமணி சாருக்கு மட்டும் விசேஷ வட்டி. அதை வைத்ததும் கண்ணாடிக் கடை. பிறகு பென்ஷனர் சங்கத்துச் செயலாளர், அவர் எடுத்த எடுப்பிலேயே, "என்னய்யா, கூட்டத்துக்கு வருவீரான்னு கேட்டா மோட்டார் நிறுத்தப்பட்டதுன்னு ஆள வச்சுச் சொல்லுதீரு. என்ன நக்கலா?" என்று கேட்டார்.

ஹுஸைஃபா மேசைக்கு அடியில் எதையோ தேடுவதுபோலக் குனிந்துகொண்டான். முதுகு மட்டும் குலுங்கியது. இசக்கிமணிக்கு இப்போது எல்லாமே தெரிந்துவிட்டது. ஜவுளிக் கடைப் பெண் மிளகாய்க்குத் தண்ணீர் பாய்ச்சியிருக்கிறாள். கடன் கொடுக்கிற பையன் நிறுத்தியிருக்கிறான். ஞாயிற்றுக்கிழமை இவர்களுக்கெல்லாம் விடுமுறை. ஊரெல்லாம் சேர்ந்து அவருடைய தோட்டத்தில் விவசாயம் செய்திருக்கிறது. எல்லாரையும் வேலைக்கு வைத்தது அவர்தான்.

"போதும் தம்பி, சிம்மக் கழத்திரு" என்று அவர் சொல்லி முடிப்பதற்குள் இன்னொரு முறை அடித்தது. கை பழக்கத்தில் எடுத்துவிட்டது.

"மாப்ள!" என்று ஒரு கனத்த குரல் கடையை நிறைத்தது. "உங்க குரலக் கேட்டு எத்தன நாளாச்சு! என்ன, இன்னைக்கு அந்தப் பிள்ள லீவா?"

ஆனந்தவள்ளி ஸ்டூலில் நிமிர்ந்தாள். அது அவளுடைய அண்ணன் சொரிமுத்து. பாவூர்சத்திரத்தில் இருக்கிறார். நல்ல மனுஷர், ஆனால் போனை எடுத்தால் காலையில் என்ன சாப்பிட்டார் என்பதில் தொடங்கி ஊர்க்கோயில் கொடைத் திருவிழா வரைக்கும் பேசாமல் வைக்கமாட்டார். குடும்பத்து விஷயத்தை மாப்பிள்ளையிடம்தான் சொல்லவேண்டும் என்று ஒரு முறைமையும் வைத்திருந்தார். அவரிடம் "நம்பர் மாத்திட்டேன் மச்சான்" என்று இசக்கிமணி சொன்ன நம்பர்தான் இது.

"எந்தப் பிள்ள மச்சான்?" என்றார் இசக்கிமணி, சுரத்தே இல்லாமல்.

"அதான், நீங்க வேலைக்கு வச்சிருக்கிற பொம்பளப் பிள்ள. எப்ப அடிச்சாலும் எடுத்து, மோட்டார் இயங்குகிறதும்பா. மரியாதயான பிள்ள, கூடக்குறைய ஒரு வார்த்த பேசமாட்டா. மாப்ள தோட்டத்துல வேலையா இருக்காருன்னு நெனச்சு, சொல்ல வேண்டியத அவகிட்டயே சொல்லிட்டு வச்சிருவேன். எனக்குக் கண்ணு ஆபரேசன் ஆச்சுன்னு சொன்னேனே, சொல்லலியா?"

டீக்காரர் தட்டோடு வந்து நின்றுகொண்டிருந்தார்.

"ஆனந்தவள்ளிக்குத் தெரிஞ்சா பதறிருவான்னு உங்ககிட்ட மட்டும் சொன்னேன். இப்ப நல்லாத் தெரியுது மாப்ள. நேத்து பேப்பர் வாசிச்சேன்னாப் பாத்துக்கிடுங்க."

ஆனந்தவள்ளி எழுந்து வந்து போனைக் கையில் எடுத்துக்கொண்டாள். "அண்ணே, நான்தான் பேசுதேன்" என்று சொல்லிக்கொண்டே கடைக்கு வெளியே போனாள். கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கம் அவள் பேசுவதும், முந்தானையால் முகத்தைத் துடைப்பதும் தெரிந்தது. திரும்பி வந்து போனை மேசையில் வைத்தாள்.

"எங்க அண்ணனுக்கு மோட்டார் நம்பரக் குடுத்திருக்கிய."

அவள் திட்டுவாள் என்று இசக்கிமணி எதிர்பார்த்தார். அவள் அப்புறம் ஒன்றுமே சொல்லவில்லை. மளிகை வாங்கினாள், பஸ்ஸில் ஏறினாள், வீட்டுக்கு வந்து சமைத்தாள், தட்டை அவர் முன்னால் வைத்தாள். ஆபரேஷன் முடிந்து கண்ணில் கட்டோடு இருந்த ஒரு மனுஷர், பதிவு செய்து வைத்த குரலிடம் தன் சங்கடத்தையெல்லாம் சொல்லிவிட்டு, கேட்டுக்கொள்ள ஆள் இருக்கிறது என்ற நிம்மதியில் போனை வைத்திருக்கிறார். பூட்ஸில் தண்ணீர் புகுந்து அருவியடியில் நின்ற காலத்தில்கூட இசக்கிமணிக்கு இப்படிக் குளிர்ந்ததில்லை.

மறுநாள் இரண்டு பேரும் பாவூர்சத்திரம் போனார்கள். சொரிமுத்து கறுப்புக் கண்ணாடி போட்டு, சினிமாக்காரர் மாதிரி உட்கார்ந்திருந்தார். இசக்கிமணி எதையும் மறைக்காமல் சொன்னார். சொரிமுத்து கறுப்புக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி மாட்டிக்கொண்டார்.

"அப்ப அந்தப் பிள்ள நெசம் இல்லியா மாப்ள?"

"இல்ல மச்சான். மிஷினு."

"ச்சே. ஆவணில ஒரு மாப்பிள்ள பாத்துக் கட்டிக் குடுக்கலாம்னுல்லா நெனச்சிருந்தேன்" என்றார் சொரிமுத்து. பிறகு வயிறு குலுங்கச் சிரித்தார். அதைப் பார்த்து ஆனந்தவள்ளியும் சிரித்துவிட்டாள். இசக்கிமணி சிரிக்கலாமா கூடாதா என்று தெரியாமல் காப்பியைக் குடித்தார். அன்று மச்சான் காலைச் சாப்பாட்டில் தொடங்கிக் கோயில் கொடை வரைக்கும் சொன்ன அத்தனையையும், ஒருமுறைகூடக் கடிகாரத்தைப் பார்க்காமல் கேட்டார்.

நமசிவாயத்திடம் போவதுதான் கஷ்டமாக இருந்தது. ஞாயிறு வரும்வரை தள்ளிப்போட்டார். வரப்பில் நின்று, "வே, குத்தவாளி அகப்பட்டுட்டான்" என்றார்.

நமசிவாயம் நிமிர்ந்து பார்க்கவில்லை. "யாரு அண்ணாச்சி?"

"நான்தான்."

கதையைக் கேட்கக் கேட்க நமசிவாயத்தின் கை சருகிலேயே நின்றுவிட்டது. பம்புசெட்டுக்குள் தயிர்சாதம் கொட்டிய இடத்தில் மட்டும் உதடு கொஞ்சம் அசைந்தது. கடைசியில், "போன எடும்னு கேட்டியளே, அதான் அண்ணாச்சி..." என்று ஆரம்பித்து, முடிக்காமல் விட்டார்.

"தப்புத்தான் வே."

"சரி, விடுங்க."

ஹுஸைஃபா பெட்டியை மறுபடி பூட்டினான். இந்தமுறை நாலு நம்பர்: இசக்கிமணி, ஆனந்தவள்ளி, ஹுஸைஃபா, நமசிவாயம். கடைசி நம்பரைச் சொன்னபோது ஹுஸைஃபா நிமிர்ந்து பார்த்தான். "தோட்டத்துக்குப் பக்கத்துல இருக்கிறது அவருதானவே. எனக்கு எட்டாத நேரத்துல அவரு பாத்துக்கிடட்டும்" என்றார் இசக்கிமணி.

மிளகாய் தேறவில்லை. பிடுங்கிப் போட்ட பிறகு பார்த்தால் நிலம் அவ்வளவு தண்ணீர் குடித்துச் சேறாகிக் கிடந்தது. இனி அதில் வாழையைத் தவிர வேறு எதையும் வைக்க முடியாது என்று நமசிவாயம் சொன்னார். கன்றுக்கு எங்கே போவது என்று இசக்கிமணி யோசித்துக்கொண்டிருந்தபோது, நமசிவாயமே தன் தோட்டத்திலிருந்து நல்ல கன்றாகப் பார்த்துத் தோண்டி எடுத்து, ஒரு சாக்கில் சுமந்து கொண்டுவந்து வரப்பில் இறக்கினார்.

"குழி எடுத்து வச்சிருக்கியளா அண்ணாச்சி?"

இசக்கிமணி வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு மண்வெட்டியை எடுத்தார்.